நாய் அடக்கக் கதை சுவாசூனாவின் கற்பனை அல்ல

பிரேசில் நாடகாசிரியர் அரியானோ சுவாசூனா 1955-இல் எழுதிய ‘ஔட்டோ ட கொம்பதெசீடா’ நாடகத்தில் வரும் நாய் அடக்கக் காட்சி அவருடைய சொந்தக் கற்பனை என்றும், வடகிழக்குச் சந்தைப் பாடகர்கள் அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்றும் ஒருவர் எழுதியிருப்பது தலைகீழான தகவல். பரைபா மாநிலத்தின் பொம்பாலில் பிறந்த கோர்தெல் (வடகிழக்கு பிரேசிலின் சந்தைகளில் விற்கப்பட்ட செய்யுள் கதைகள்) கவிஞர் லியாந்த்ரோ கோம்ஸ் த பாரோஸ், ஓர் ஆங்கிலேயரின் நாய் உயிலில் பணம் வைத்துவிட்டுப் போனதாகக் கேட்டதும் பாதிரியார் மனம் மாறி அடக்கத்துக்கு இசையும் கதையை முன்பே செய்யுளாக்கியிருந்தார். அவர் இறந்தது 1918-இல். சுவாசூனா பிறந்ததோ 1927-இல். அதே கவிஞரின் பணத்தை மலமாகக் கழிக்கும் குதிரைதான் நாடகத்தில் பூனையாக மாறுகிறது, மேடைக்குக் குதிரையைவிடப் பூனை வசதி என்பதாலும் இருக்கலாம். சுவாசூனா இந்தக் கடனை ஒருபோதும் மறைத்ததில்லை. கோர்தெலை வெறும் வாய்மொழிப் பாட்டு என்பதும் முழு உண்மை ஆகாது. லியாந்த்ரோ தம் கதைகளைச் சிறு புத்தகங்களாக அச்சிட்டு விற்றார், எழுத்தறியாதவர்களும் அவற்றைச் சந்தையில் பிறர் உரக்கப் படிக்கக் கேட்டே மனப்பாடம் செய்தார்கள்.