பாஸ்பரஸ் குச்சியில் இல்லை, பெட்டியில்
தீக்குச்சித் தலையில் உள்ள பாஸ்பரஸ்தான் உரசியதும் பற்றுகிறது என்று, தீக்குச்சி எரிவது பற்றிய இந்தக் கட்டுரையில் ஒரு வரி வருகிறது, அங்கேதான் இடிக்கிறது. நான் தீப்பெட்டித் தொழில் நடக்கும் குடியாத்தத்தில் வளர்ந்தவன். எங்கள் தெருத் திண்ணைகளில் பெண்கள் மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருப்பார்கள். இரண்டு குச்சிகள் நெருங்கிவிட்டால் மருந்தில் முக்கும்போது தலைகள் ஒட்டிக்கொள்ளும் என்று அம்மா நகத்தால் விலக்கி விலக்கி விடுவார். அந்த மருந்தில் இருப்பவை முக்கியமாகப் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசை. சிவப்புப் பாஸ்பரஸ் பெட்டியின் பக்கவாட்டில், கண்ணாடித் தூளோடு பூசிய பழுப்புப் பட்டையில் இருக்கிறது. இரண்டையும் இப்படிப் பிரித்து வைக்கும் யோசனைக்கு 1844-இல் காப்புரிமை பெற்றவர் சுவீடனைச் சேர்ந்த குஸ்டாப் எரிக் பாஷ். தலையிலேயே வெண்பாஸ்பரஸ் வைத்த பழைய குச்சிகள் தொழிலாளர்களின் தாடை எலும்பையே அரித்தன. கண்ணாடியில் உரசினாலும் பற்றுகிறதே என்று மேலே பின்னூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். பற்றும், வேகமாக நீள இழுத்தால். அது வெறும் உராய்வுச் சூடு, குளோரேட்டும் கந்தகமும் தாமே பற்றிக்கொள்கின்றன. (சிறுவயதில் சிமெண்டுத் தரையில் முயன்று அரைப்பெட்டியை வீணாக்கி அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.) கட்டுரை மெழுகை அடியோடு மறந்துவிட்டது. மருந்து ஓரிரு நொடியில் தீர்ந்துவிடும். குச்சி முனையில் ஏற்றிய மெழுகு ஆவியாகி எரிந்துதான் தீயை மரத்துக்குக் கடத்துகிறது. மெழுகு சரியாக ஏறாத குச்சி ‘புஸ்’ என்று சீறிவிட்டுக் கருந்தலையோடு கையில் நிற்கும்.