தண்ணீர் போகிற வழியே நடந்து பாருங்கோ

திருகோணமலைக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும் ஒரே பட்டியல்தான் இருக்கிறது. கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளி, புறாமலை. இரண்டு நாளில் எல்லாம் பார்த்து முடித்து, கருவாட்டுப் பையோடு வண்டி ஏறிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எங்கள் கடல் அப்படிப்பட்ட கடல். ஆனால் இந்த மாவட்டத்துக்குச் சோறு போட்டது கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். கோணேசர் கோயிலுக்கு நெல் வந்ததும் அந்தத் தண்ணீரில்தான். அந்தக் குளத்தையும் அதன் கீழே இருக்கிற ஊர்களையும் நடந்து பார்க்க ஒருவரும் வருவதில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

போன மாசியில் பெரியப்பாவோடு போனேன். தம்பலகாமத்தில் வயல் செய்தவர், எழுபது தாண்டிவிட்டது, இன்னும் என்னை விட வேகமாக நடப்பார். விடியற்காலை கந்தளாய்க் குளக்கட்டில் ஏறினோம். ஒரு பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர், அதற்கு அப்பால் காட்டு மலைகளின் நீலம். மற்றப் பக்கம் பார்த்தால் வயலும் வீடுகளும் நாம் நிற்கிற இடத்தை விட எவ்வளவோ தாழ்வில் இருக்கின்றன. கட்டில் நின்றால்தான் அந்தத் தாழ்வு விளங்கும். அலைகரையில் நீர்க்காகங்கள் செட்டையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. தோணியில் வந்த ஒரு முஸ்லிம் அண்ணன் வலையிலிருந்து யப்பான் மீனை (திலாப்பியா) கழற்றிக்கொண்டே, "வெயில் ஏற முதல் நடந்திடுங்க தம்பி" என்றார்.

இந்தக் குளத்தை யார் கட்டினார்கள் என்று கேட்டால் இரண்டு பதில் வரும். குளக்கோட்டன் என்ற அரசன் பூதங்களை வைத்துக் கட்டினான், அவன் அரசி ஆடகசவுந்தரியும் அதில் கூட நின்றாள் என்று எங்கள் வீடுகளில் சொல்லுவார்கள். இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டினான், 7ஆம் நூற்றாண்டு என்று சிங்கள வரலாற்று நூல்கள் சொல்லுகின்றன. கட்டுக்கு வருகிறவன் இரண்டு கதையையும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. மூன்று மொழியிலும் ஒரு பலகை வைத்து இரண்டையும் எழுதிவிட்டால் போயிற்று. ஒன்றை எழுதி மற்றதை மறைத்தால் பாதிப் பேர் அந்த இடத்திலேயே அந்நியராகிப் போவார்கள்.

அதே பலகையில் இன்னொரு பெயரையும் எழுதலாம். கந்தளாய்க்குப் பக்கத்தில் பாலமோட்டையில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, முதலாம் விசயபாகு மன்னன் காலத்தது, 11ஆம் நூற்றாண்டின் இறுதி. கந்தளாய் அப்போது பிராமணர் குடியிருந்த சதுர்வேதிமங்கலம். நங்கைசானி என்ற பிராமணப் பெண் இறந்துபோன தன் கணவனின் பெயரில் அங்கிருந்த சிவன் கோயிலுக்கு நிவந்தம், அதாவது கோயில் செலவுக்கான கொடை, கொடுக்கிறாள். அந்தத் தர்மத்துக்குக் காவல் நின்றது அரசனிடம் சேவகம் செய்த வேளைக்காரப் படை. ஒன்பது நூற்றாண்டுக்கு முன்னால் இந்தக் குளத்துத் தண்ணீரைக் குடித்த ஒரு கைம்பெண்ணின் பெயர் நமக்குத் தெரிகிறது. இதைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கட்டில் ஓரிடத்தில் பெரியப்பா நின்றுவிட்டார். 1986 ஏப்ரல் 20, விடிவதற்கு முன் இந்தக் கட்டு உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. "விடிய வயலுக்குப் போனா வரம்பைக் காணேல்ல. ஆரின்ர காணி எதெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்ல. வாய்க்கால் கரையில நிண்ட மருதமரம் ஒண்டுதான் மிச்சம். அதை வைச்சுத்தான் அளந்து பிரிச்சனாங்கள்." இவ்வளவும் சொல்லிவிட்டு, குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிற துருசுப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றார். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

துருசால் இறங்குகிற தண்ணீர் வாய்க்கால் பிடித்துத் தம்பலகாமம் வயல் வரை போகிறது. முழுத்தூரத்தையும் நடக்கச் சொல்ல மாட்டேன். நாங்களும் நடுவில் பஸ் ஏறினோம். ஆனால் முள்ளிப்பொத்தானைப் பக்கம் இறங்குங்கள். றோட்டோரத்தில் எருமைத் தயிர்ச் சட்டிகள் அடுக்கியிருக்கும். வாயில் கட்டியிருந்த தாளை அவிழ்த்ததும் மேலே மஞ்சள் பாரித்த ஆடை. கரண்டி வைத்தால் சுவர் மாதிரி வெட்டுப்படும், தண்ணீர் விடாது. குளமும் புல்லும் எருமையும் இருந்தால்தான் அந்தத் தயிர். நகரத்துக் கடையில் அதை வாங்கித் தின்னும்போது இது தெரிவதில்லை.

பாலம்போட்டாற்றுப் பத்தினி அம்மனைக் கும்பிட்டுவிட்டு வயலுக்குள் இறங்கினோம். பெரும்போகம் அறுவடை நடந்துகொண்டிருந்தது. நெல்வெளிக்கு நடுவில் ஆதிகோணநாயகர் கோயில் கோபுரம் தெரிந்ததும் பெரியப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லில் கோட்டை கட்டினார்கள். அடியார்கள் காட்டுக்குள் கொண்டுபோய் ஒளித்து வைத்த மூர்த்திகள் பிற்பாடு இங்கே வந்து இருந்ததாக ஊர் வழக்கு. சாமி தஞ்சம் வர ஒரு ஊர் வேண்டும் என்றால், சோறு உள்ள ஊருக்குத்தானே வரும்? குளமும் வயலும் கோயிலும் ஒரே கயிற்றில் கட்டியவை என்று கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூலைப் படித்தாலும் தெரியும். தானத்தார், வரிப்பத்தார் என்று ஆட்களுக்குக் கோயில் தொழும்பு, அதாவது வேலை, பிரித்துக் கொடுத்த கணக்கெல்லாம் அதில் இருக்கிறது.

நாங்கள்தான் முதலில் நடந்தோம் என்றும் இல்லை. 1786இல் திருகோணமலையில் ஒல்லாந்த அதிகாரியாக இருந்த வான் சென்டன் இந்தப் பற்றுகளுக்குள் (அந்தக் கால நிர்வாகப் பிரிவுகள்) ஊர் ஊராகப் போய், பார்த்ததை நாட்குறிப்பாக எழுதி வைத்தார். வெளியிலிருந்து வந்தவர் அன்றைக்கே அந்த வேலையைச் செய்திருக்கிறார். நாங்கள் இங்கேயே பிறந்து, கந்தளாயைப் பஸ் யன்னலால் பார்த்ததோடு சரி.

கடைசியாகச் சிப்பித்திடல். பெயரே சொல்லுகிறது. தம்பலகாமக் குடாவில் தட்டையாக, கண்ணாடி மாதிரி வெளிச்சம் விடுகிற ஒரு சிப்பி இருக்கிறது. அதில் முத்தும் உண்டு. 1850களில் கெலார்ட் என்ற ஆய்வாளர் அதைப் பற்றி அரசுக்கு அறிக்கையே எழுதினார். வரம்போரத்தில் ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தேன். விரலின் நிழல் அதற்குள்ளால் தெரிந்தது. குளத்துத் தண்ணீர் வயலைக் கடந்து கடலைத் தொடுகிற இடம் இது.

சரி, இதை ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்? நடைபாதை, உல்லாசப் பயணம் என்று பேச்சு வந்தாலே நம்மவர்கள் சீமெந்தும் மின்விளக்கும்தான் கேட்கிறார்கள். தயவுசெய்து குளக்கட்டில் சீமெந்து வேண்டாம். மாடும் ஆளும் நடந்து உறுதியான மண் அது. இரவில் யானை தண்ணீருக்கு வரும் இடத்தில் விளக்கு எதற்கு? வேண்டியது ஆட்கள். எந்த வாய்க்கால் எந்த வெளிக்குப் போகிறது, குளம் நிரம்பி வான் பாய்ந்தால் எந்தப் பாதை மூடும் என்று தெரிந்த கமக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு நடவுங்கள், அரை நாள் கூலியைக் கையில் கொடுங்கள். பெரியப்பாவின் வயதுக்காரர்கள் போய்விட்டால் மருதமரத்தின் கதையை யாரிடம் கேட்பது?

இன்னொன்று. அன்றைக்கு நாங்கள் திரும்பும்போது ஒரு வான் வண்டி நிறைய வந்தவர்கள் குளக்கட்டில் இருந்து சாப்பிட்டுவிட்டு, சோறு கட்டி வந்த பிளாஸ்டிக் லஞ்ச் சீற்றையும் போத்தலையும் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். ஒரு மாடு சோறு ஒட்டிய சீற்றை மென்றுகொண்டிருந்தது. பெரியப்பா ஓடிப்போய் அதன் வாயிலிருந்து இழுத்தெடுத்தார். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், சோற்றை வாழையிலையில் கட்டிக் கொண்டுவாருங்கள்.

வருகிற மாசியிலும் போகிறோம். விடிய ஐந்தரைக்குக் கந்தளாய்க் கட்டடியில் நிற்போம், மத்தியானம் தம்பலகாமத்தில் சாப்பாடு. தொப்பியும் தண்ணீரும் கொண்டுவாருங்கள். வர விருப்பமானவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், எத்தனை பேருக்குச் சோறு போடுவது என்று பெரியம்மா கேட்கிறா.