எத்தனை லிட்டர்?

(கல்யாண மண்டபம், சாப்பாட்டுக் கூடம். சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் இப்போதே வந்து நின்றுவிட்டார்கள். நானும் நின்றேன், அதனால்தான் இதெல்லாம் காதில் விழுந்தது.)

அத்தை: (கேட்காமலேயே அண்ணன் மகளின் கழுத்தில் கிடப்பதைத் தூக்கி, உள்ளங்கையில் வைத்து எடை பார்த்து) என்னடி இது, கனமே இல்லை. எத்தனை பவுன்?

மாணவி: பவுன் இல்லை அத்தை, ரப்பர்.

அத்தை: (மூக்கருகே கொண்டு போய்) பருப்பு வாசம் அடிக்கிறதே.

மாணவி: குக்கர் கேஸ்கெட். எட்டு மாதிரி முறுக்கி வெள்ளிக் கம்பியால் கட்டியிருக்கிறேன். இந்த செமஸ்டருக்கு நான் செய்த நகை.

அத்தை: எத்தனை லிட்டர்?

மாணவி: என்னது?

அத்தை: குக்கர். மூன்றா, ஐந்தா?

மாணவி: அதுவா முக்கியம்? சமையலறையில் ஒரு பெண் மேல் விழுகிற அழுத்தம் இருக்கிறதே, அதை உடம்புக்கு மேலே கொண்டு வந்து...

அத்தை: கேஸ்கெட்டைக் கழற்றிவிட்டால் அழுத்தம் எங்கேயடி வரும்? இது ஐந்து லிட்டர்தான். விசிலே வரவில்லை, ஓரமெல்லாம் தண்ணீர் வழிகிறது என்று உன் அம்மா பத்து நாளாக எனக்குப் போன் போட்டுப் புலம்புகிறாள். குக்கரே போய்விட்டது என்று நினைத்து உன் அப்பா நேற்று கடையில் புதுசு விலை கேட்டுவிட்டு வந்திருக்கிறான்.

மாணவி: அம்மாவிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

அத்தை: சரி, ஜெர்மனியில் மியூனிக்கில் நகை வேலைதானே படிக்கிறாய்? தை மாதம் சின்னவளுக்கு ஆரம் எடுக்க வேண்டும், உன்னைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருந்தேன். உரைகல் வைத்திருக்கிறாயா?

மாணவி: உரைத்துப் பார்ப்பதெல்லாம் எங்களுக்கு இல்லை அத்தை. இது கன்டெம்பரரி ஜுவல்லரி. தங்கமாக இருந்தால்தான் நகையா என்று கேட்பதுதான் படிப்பே. ஓட்டோ க்யூன்ஸ்லி என்று ஒருவர், 1991 முதல் 2014 வரை எங்கள் அகாடமியில் பேராசிரியர். 1980இல் கறுப்பு ரப்பர் குழாயில் ஒரு வளையல் செய்தார். உள்ளே ஒரு தங்க உருண்டை. வெளியே தெரியாது, லேசாகப் புடைத்திருக்கும், அவ்வளவுதான். ரப்பரை அறுத்தால்தான் பார்க்க முடியும்.

அத்தை: திருச்சி ஏர்போர்ட்டில் இதைச் செய்தால் பிடித்து உள்ளே வைக்கிறார்கள், அங்கே புரொபசர் வேலை கொடுக்கிறார்களா?

மாணவி: அதற்குப் பெயரே ‘தங்கம் குருடாக்கும்’.

அத்தை: அது நிஜம். போன வருஷம் கடையில் பில்லைப் பார்த்ததும் எனக்குக் கண் இருட்டிக்கொண்டுதான் வந்தது. பதினெட்டு சதவீதம் சேதாரம் போட்டிருந்தான். சேதமான தங்கம் கீழேதானே கிடக்கும், கூட்டி அள்ளி ஒரு பொட்டலமாகக் கொடு தம்பி, நான் கொண்டு போகிறேன் என்றேன். ஏசியைக் கூட்டி வைத்து ஒரு கூல்டிரிங்ஸ் கொடுத்தார்கள். இது என்ன விலைக்குப் போகும்?

மாணவி: முந்நூறு யூரோ வைக்கலாம் என்று இருக்கிறேன்.

அத்தை: கேஸ்கெட் நூறு ரூபாய். வெள்ளிக் கம்பி இருநூறு. மிச்சமெல்லாம் செய்கூலியா?

மாணவி: கருத்து அத்தை.

அத்தை: கருத்துக்குச் சேதாரம் உண்டா?

(முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் பாயசத்தை அப்பளத்தோடு நொறுக்கிச் சாப்பிட ஆரம்பித்தார். எழுந்திருக்கிற அவசரம் எதுவும் தெரியவில்லை.)

மாணவி: டேவிட் பீலாண்டர் என்று இன்னொருவர். வெள்ளியில் காப்பு செய்கிறார், பார்த்தால் அட்டைப்பெட்டியைக் கிழித்து ஒட்டியது மாதிரியே இருக்கும். ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கும், அந்தப் பின் வெள்ளைத் தங்கம்.

அத்தை: நாம் கவரிங்கைப் பவுன் மாதிரி காட்ட உயிரை விடுகிறோம், அவர் வெள்ளியை அட்டை மாதிரி காட்டுகிறார். இருக்கப்பட்டவன் எதையும் செய்யலாம். நான் அட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு வந்தால் ரேஷன் கடையிலிருந்து நேராக வருகிறாள் என்பார்கள்.

மாணவி: நம்மிடமும் இருந்தது அத்தை. பாம்படம். வகுப்பில் படத்தைக் காட்டினேன், உருண்டையும் சதுரமுமாக அடுக்கி, அத்தனை பெரிசாக, இது இன்றைக்கு யார் செய்தது என்று கேட்டார்கள். பாட்டி போட்டிருந்தாளே, அதை எடுத்துக்கொண்டு போகலாம் என்றுதான் இந்தத் தடவை...

அத்தை: அதை உருக்கி இருபது வருஷம் ஆகிறது.

மாணவி: உருக்கியா?

அத்தை: காதை வளர்த்துத் தோளில் இடிக்கிற மாதிரி யார் போடுவது? நீ போட்டிருப்பாயா? உள்ளே பாதி அரக்கு. கடைக்காரன் அரக்கைக் கழித்து, அழுக்கைக் கழித்து, மிச்சத்தை நிறுத்துப் போட்டான். பாட்டி வாசல் படியில் உட்கார்ந்து வெறும் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்போது மியூனிக்கிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. ஆமாம், உன் புரொபசர் வளையலில் ரப்பரைக் கழித்தால் எவ்வளவு தேறும்?

மாணவி: கழிக்கக் கூடாது அத்தை! அறுத்தால் அந்த நகையே போச்சு. இன்னும் கேளுங்கள், கெய்ஸ் பாக்கர் என்று நெதர்லாந்துக்காரர், 1973இல் மெல்லிய தங்கக் கம்பியைக் கையில் இறுக்கிக் கட்டி, அப்புறம் கழற்றிவிட்டார். தோலில் ஒரு தடம் விழும் இல்லையா? அந்தத் தடம்தான் நகை. நிழல் நகை என்று பெயர்.

அத்தை: கழற்றின கம்பி எங்கே?

மாணவி: கம்பி முக்கியமில்லை.

அத்தை: பாங்கில் இருக்கும், வேறு எங்கே. உன் அம்மா அதோ பொண்ணு பக்கத்தில் நிற்கிறாள் பார். கழுத்தில் கிடப்பது கவரிங், கொஞ்சம் குட்டை. அதற்கு இரண்டு விரற்கடை கீழே பழைய சங்கிலி கிடந்த இடம் வெளுத்துக் கோடாகத் தெரியும், தலைப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருக்கிறாள். விசாவுக்கு 11,904 யூரோவைக் கணக்கில் போட்டுக் காட்டு என்றார்களே, அது எங்கிருந்து வந்தது என்று நினைத்தாய்?

(இதற்கு அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. கேஸ்கெட்டைக் கழுத்தில் சுற்றிச் சுற்றித் திருகிக்கொண்டிருந்தாள். எனக்கும் இலையைப் பார்ப்பதா வேறு எங்காவது பார்ப்பதா என்று இருந்தது.)

மாணவி: அப்பா ஏதோ எஃப்டி என்றாரே.

அத்தை: சொல்வான்.

மாணவி: எத்தனை பவுன் அத்தை?

அத்தை: பார்த்தாயா, கடைசியில் நீயும் அதைத்தான் கேட்கிறாய். பதினொன்று. வருஷா வருஷம் வட்டி கட்டித் திருப்பி வைக்கிறார்கள், நான் சொன்னேன் என்று காட்டிக்கொள்ளாதே. போய் முதலில் அந்த கேஸ்கெட்டை மாட்டு. இல்லாவிட்டால் அவள் குக்கர் வேறு வாங்கித் தொலைப்பாள்.

மாணவி: வெள்ளிக் கம்பி சுற்றியிருக்கிறதே, இனி மூடாது.

அத்தை: அப்படியென்றால் நூறு ரூபாய் கொடு, போகிற வழியில் புதுசு வாங்குகிறேன். எழுந்துவிட்டார் பார், உட்கார், உட்கார், பையை அந்த நாற்காலியில் போடு.

(பக்கத்து இலைக்கு வந்து உட்கார்ந்த பட்டுப்புடவை அம்மாள், கையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே அந்தப் பெண்ணின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.)

அந்த அம்மாள்: புது மாடலா இருக்கே பாப்பா, எத்தனை பவுன்?

அத்தை: ஐந்து லிட்டர்.