யெர்மாவோட முடிவை மாத்தினது சரியா?
ஸ்பானிஷ் எழுத்தாளர் லோர்காவோட 'யெர்மா' நாடகம், குழந்தைக்காக ஏங்கற யெர்மாங்கற கல்யாணமான பொண்ணோட கதை. அதை இன்னைய லண்டனுக்கு கொண்டுவந்தும் டைரக்டர் சைமன் ஸ்டோன் அதோட உயிரை அப்படியே காப்பாத்திட்டார்னு அதைப் பத்தின ஒரு கட்டுரைல சொல்லியிருக்கறதை என்னால ஒத்துக்க முடியல. 2016ல லண்டன் யங் விக் தியேட்டர்ல முதல்ல போட்ட அந்த நாடகத்தோட ரெக்கார்டிங்கை பெரிய ஸ்கிரீன்ல பார்த்தேன், ரெண்டு பக்கமும் ஆடியன்ஸ், நடுவுல கண்ணாடிப் பெட்டி, அதுக்குள்ள நாயகியா நடிச்ச பில்லி பைப்பர் ஐவிஎஃப் (செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சை), கடன்னு கொஞ்சம் கொஞ்சமா உடைஞ்சு போறதைப் பார்த்து நெஞ்சே அடைச்சுது, அவங்களுக்கு பிரிட்டிஷ் நாடக உலகத்தோட ஒலிவியர் விருது கொடுத்தது ரொம்ப சரி. ஆனா முடிவு? 1934ல மாட்ரிட்ல மேடையேறின ஒரிஜினல்ல புருஷன் ஹுவான், குழந்தையெல்லாம் வேணாம், நீ இருந்தா போதும்னு வாய்விட்டு சொல்லிட்டு அவளைக் கட்டிப்பிடிக்க வர்றப்ப யெர்மா அவன் கழுத்தை நெரிச்சுக் கொன்னுட்டு, என் பிள்ளைய நானே கொன்னுட்டேன்னு கத்துறா. வேற ஆம்பளைகிட்ட போக அவ மானம் விடாது, அப்போ பிள்ளைக்கு இருக்கற ஒரே வழி அந்தாளுதான், அதையும் தன் கையாலயே அடைச்சுடறா, டிராஜடியே அங்கதான இருக்கு! ஸ்டோனோட நாடகத்துல அவ தன்னையே குத்திக்கறா, கோபம் மொத்தமும் உள்பக்கம் திரும்பிடுது. கட்டுரைக்குக் கீழ கமென்ட்ல ஒருத்தர் "அவ டைவர்ஸ் வாங்கிட்டுப் போயிருக்கலாமே"ன்னு கேட்டிருக்கார், நியாயமான கேள்விங்க, ஆனா ஒரிஜினல் பார்த்தவங்களுக்கு அந்தக் கேள்வியே வராது, அவளைக் காவல் காக்க ஹுவான் தன் ரெண்டு சகோதரிகளை வீட்டுலயே கொண்டுவந்து வெச்சிருக்கான், எங்க போவா? ஆத்துல துணி துவைக்கற பொம்பளைங்க அவளைப் பத்தி வம்பு பேசற ஒரிஜினல் காட்சிக்கு பதிலா ஸ்டோனோட நாடகத்துல அவளே ப்ளாக்ல எல்லாத்தையும் எழுதறா, அந்த மாத்தம் மட்டும் எனக்கு ரொம்ப பிடிச்சுது.