230 வாட் அங்கிள் எழுதுவது

எங்கள் சைக்கிள் குழுவின் ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலைப் பற்றி எழுதக் கூடாது என்று இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எத்தனை வாட் மிதிப்போம் என்று அவரவர் கொடுக்கும் எண்ணை வைத்து முதல் குழு, இரண்டாம் குழு என்று பிரிக்கும் பட்டியல் அது. ஒரு தம்பி 290 என்று கொடுத்திருந்தார். குழுவில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரியும். நான் கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பி, அந்த 290 வாட்டை ஒரு மணி நேரம் மிதித்துப் பார்த்தீர்களா?" வந்த பதில்: "அங்கிள், ஆப் சொல்கிறது." கூடவே எட்டுச் சிரிப்புப் பொம்மைகள். எண்ணினேன்.

ஆப் சொல்வது மதிப்பீடு. அளந்தது அல்ல. ராம்ப் டெஸ்டில் சுமையைப் படிப்படியாக ஏற்றி, கால் நின்றுபோவதற்கு முந்தைய ஒரு நிமிடத்தின் சராசரி வாட்டில் 75 சதவீதத்தை எடுத்து, இதுதான் உன் எஃப்டிபி, அதாவது சுமார் ஒரு மணி நேரம் தாங்கி மிதிக்கக்கூடிய வாட், என்கிறார்கள். கொஞ்ச நேரம் பாய்கிறவனுக்கு அந்தக் கணக்கு வாரி வழங்கும்.

எனக்கும் வழங்கியது. கடைசி நிமிடம் 340, ஆகவே 255. அதை நம்பி, இங்கே தென்னாப்பிரிக்காவில் நடக்கும் அமாஷோவா சைக்கிள் பந்தயத்துக்குப் போனேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை 106 கிலோமீட்டர். பாலி ஷார்ட்ஸ் ஏற்றத்தில் ராஜா மாதிரி ஏறினேன். இஞ்சாங்கா ஏற்றத்தில் திரையில் 141 வாட் என்று ஒளிர்ந்தது. கையுறையில் உப்பு பூத்திருந்தது. தொடை கட்டிக்கொள்ள, இறங்கித் தள்ளினேன். பள்ளிச் சிறுவன் ஒருவன் கூடவே நடந்து வந்து, சைக்கிள் உடைந்துவிட்டதா என்று அக்கறையாக விசாரித்தான்.

அதன்பிறகு வேறு வேறு நாளில் 3 நிமிடமும் 12 நிமிடமும் உயிரைக் கொடுத்து மிதித்தேன். 350, 260 வாட். இரண்டிலும் செய்த வேலையின் (வாட் பெருக்கல் நிமிடம்) வித்தியாசத்தை இடையிலுள்ள 9 நிமிடத்தால் வகுத்தால் 230. மோனோ, ஷெரர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1965-இலேயே காட்டிய வழி. இதுவும் மதிப்பீடுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 12 நிமிடத்துக்கே 260 தாண்டாத ஆள், ஒரு மணி நேரம் 255 மிதிப்பானாம்! கணக்கு வேண்டாம், கூச்சமாவது வேண்டாமா?

"20 நிமிடச் சோதனை செய்து 95 சதவீதம் எடுக்கலாமே" என்பீர்கள். எடுங்கள். ஆனால் எஃப்டிபியைப் பரப்பிய ஆலனும் காகனும் சொன்ன முறையில், அந்த 20 நிமிடத்துக்கு முன்னால் 5 நிமிடம் முழு மூச்சாக மிதிக்க வேண்டும். கொஞ்ச நேரம் பாயும் அந்தத் துள்ளலைத் தீர்த்துவிட்டால்தான் 95 பொருந்தும். அந்த 5 நிமிடத்தை விழுங்கிவிட்டு 95-ஐ மட்டும் பிடித்துக்கொள்வது, உளுந்தைக் குறைத்துவிட்டு இட்லி கல்லாகிவிட்டதே என்று புலம்புகிற கதை.

"ஒரு மணி நேரம் மிதிக்க யாருக்கு நேரம்?" நியாயம். "அங்கிளுக்குப் பொறாமை." இதற்கு என்ன சொல்வது? ஆம், 52 வயது. முழங்கால் வலிக்கிறது. உங்களில் மூன்று பேருக்கு டியூப் மாற்றக் கற்றுக்கொடுத்த கை இது. அப்போது "அண்ணா" என்றீர்கள்.

உண்மையான எண்ணைக் கொடுத்தவன் இரண்டாம் குழுவுக்கு. ஊதிப் பெருக்கிய எண்ணைக் கொடுத்தவர் முதல் குழுவுக்கு. போன பிறகு அவர் ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் தவழ, பத்துப் பேர் மேலே காத்திருந்தீர்கள். அதற்கு மட்டும் ஒரு சிரிப்புப் பொம்மையும் இல்லை.

இந்த ஞாயிறும் ஐந்தரைக்கு உம்ஷ்லாங்கா கலங்கரை விளக்கத்தருகே இருப்பேன். இரண்டாம் குழுவில்தான். பம்பு வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன்.