கணக்குக் கேட்டால் விஞ்ஞான விரோதியா?

சனிக்கிழமை கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். புதிய அணுமின் நிலையங்கள் பற்றிய பேச்சு. நான் கேட்டது ஒரே கேள்வி: "சொன்ன விலைக்கு, சொன்ன தேதிக்குள் முடியுமா?" அதற்குப் பேச்சாளர், "பயந்தவர்களுக்கு விஞ்ஞானம் புரியாது" என்றார். அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் காதிலேயே இருக்கிறது.

நான் பயத்தைப் பற்றிப் பேசவே இல்லையே! விலையைத்தானே கேட்டேன்?

பிரான்ஸில் ஃபிளமான்வில் அணுமின் நிலையத்தின் மூன்றாவது உலையை 2007-இல் கட்டத் தொடங்கினார்கள். 330 கோடி யூரோ, 2012-இல் மின்சாரம் என்றார்கள். மின்தொகுப்பில் இணைந்தது 2024 டிசம்பரில். செலவு 1,300 கோடியைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் வோக்டில் அணுமின் நிலையத்தில் இரண்டு உலைகளுக்கு 1,400 கோடி டாலர் என்றார்கள். 3,000 கோடிக்கு மேல் போய், ஏழு வருடம் தாமதமாக முடிந்தது. இரண்டு நாடுகளும் இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவை. அவர்களுக்கே இந்தக் கதி என்றால், கேட்கக் கூடாதா?

அணுமின்சாரத்தில் யுரேனியச் செலவு சின்னது. கட்டுமானம்தான் பணத்தை விழுங்கும், அதுவும் பெரும்பாலும் கடன். உலை ஓடாவிட்டாலும் வட்டி ஓடும்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை. அப்பா கடன் வாங்கி வீடு கட்டினார். ஒரு வருடத்தில் குடிபோகலாம் என்றார் மேஸ்திரி. தளம் போட்டதோடு வேலை நின்றது. தூண்களின் உச்சியில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் துருப்பிடித்து, மழை பெய்தால் சிமெண்ட் மேல் காவிக் கோடு வழியும். மாதம் பிறந்தால் வாடகையும் கட்டவேண்டும், வட்டியும் கட்டவேண்டும். நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அப்பா வட்டியைக் கூட்டி எழுதிவைப்பார். நான்காவது வருடம் கூட்டுவதை நிறுத்திவிட்டார்.

"நிலக்கரிப் புகைக்கு அணுமின்சாரம் மேல்தானே?" என்பீர்கள். மேல்தான். சூரியன் இறங்கிய பிறகும், காற்று நின்ற பிறகும் ஓடும், அதுவும் உண்மை. ஓடுகிற நிலையங்களை மூடச் சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் புது உலை பன்னிரண்டு வருடம் தாமதமானால், அந்தப் பன்னிரண்டு வருடமும் எரிவது நிலக்கரிதானே?

அப்புறம், சொன்னபடி முடியும் என்பதற்கு பராக்கா அணுமின் நிலையத்தைக் காட்டுவார்கள். சரி. ஐக்கிய அமீரகத்தில் கொரியர்கள் ஒரே வடிவத்தை அடுத்தடுத்து நான்கு முறை கட்டினார்கள். 2012-இல் தொடங்கி 2024-க்குள் நான்கும் ஓடின. அங்கேயும் முதல் உலை 2017 என்று சொல்லி 2020-இல்தான் வந்தது. ஆனாலும் முடித்தார்கள், மறுக்கவில்லை. அதே போலத்தான் செய்வோம், தாமதமானால் கூடுதல் செலவு எங்களுடையது என்று எழுதிக்கொடுங்கள். நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஒருவரும் எழுதிக்கொடுப்பதில்லை. ஏனென்றால் பணம் அவர்களுடையது இல்லை.

என்னை உறுத்துவது இதுதான். அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில் சுமார் 900 கோடி டாலர் கொட்டிய பிறகு, 2017-இல் இரண்டு உலைகளைப் பாதியில் கைவிட்டார்கள். ஒரு யூனிட் மின்சாரம்கூட வரவில்லை. ஆனாலும் அந்தச் செலவு வீடுகளின் மின்கட்டணத்தில் ஏறியது. வராத மின்சாரத்துக்குப் பணம் கட்டுகிற ஒரு பாட்டியிடம் போய், "உனக்கு விஞ்ஞானம் புரியாது" என்று சொல்ல அந்தப் பேச்சாளருக்கு வாய் வருமா? என்னிடம் மட்டும் எப்படி வந்தது?

அடுத்த கூட்டத்துக்கும் போவேன். கை தூக்குவேன். இதே கேள்விதான்.