ஓடுகிற ஃபங்ஷனில் ஏன் கை வைத்தேன்?

எங்கள் டிரைவரிலிருந்து ஒரு பழைய ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டை, நீக்க ஒரு பேட்ச் (நிரல் மாற்றம்) அனுப்பினேன். நேற்று அதைப் பரிசீலித்த ரிவ்யூவில் எதிர்ப்பு வந்தது, உங்களில் பலருக்குத் தெரியும். அதைத் திரும்ப விவரிக்கப் போவதில்லை. ஒரே ஒரு வாக்கியம்தான் இன்னும் உறுத்துகிறது: "இத்தனை வருஷமா ஓடிக்கிட்டிருக்கு, இவருக்கு இப்ப அதுல என்ன பிரச்சினை?"

என்ன பிரச்சினை என்று சொல்லிவிடுகிறேன்.

லினக்ஸ் கர்னலில், அதாவது அந்த இயங்குதளத்தின் மையப் பகுதியில், எல்எல்_ஆர்டபிள்யூ_பிளாக் (ll_rw_block) என்று ஓர் உதவி ஃபங்ஷன் இருந்தது. 1991-இல் வந்த 0.11 பதிப்பிலேயே அது உண்டு. டிஸ்க்கிலிருந்து ஒரு பிளாக்கை (ஒரு துண்டு டேட்டாவை) படிக்க வேண்டுமானால், அது வந்து சேரும் நினைவக இடமான பஃபரை இதனிடம் கொடுத்தால் போதும். 2022 டிசம்பரில் வெளிவந்த 6.1 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். டிஸ்க்கில் ஃபைல்களைக் கையாளும் எங்கள் ஃபைல் சிஸ்டம் டிரைவர் கர்னலோடு சேராமல் தனியாக வளர்ந்தது. கர்னலில் இல்லையென்றால் என்ன என்று, அதே ஃபங்ஷனின் நகலை எங்கள் நிரலுக்குள் ஒட்டிவைத்து இன்றும் ஓட்டுகிறோம். என் பேட்ச் அந்த நகலைத்தான் எடுக்கிறது.

ஏன் எடுக்க வேண்டும்? பஃபரை நிரலின் வேறொரு பகுதி லாக் செய்து, அதாவது மற்றவர் தொடாதபடி பூட்டி, வைத்திருந்தால், இந்த ஃபங்ஷன் காத்திருக்காது. சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். அதற்கு ரிட்டர்ன் மதிப்பும் கிடையாது. "நீ கேட்டதை நான் அனுப்பவில்லை" என்று, அழைத்தவருக்கு (அதை அழைத்த நிரலுக்கு) சொல்ல வழியே இல்லை. அழைத்தவர், படிக்கும் வேலை நடக்கிறது என்று நம்பி லாக் விடுபடும் வரை காத்திருப்பார். லாக் வைத்திருந்தவரோ படிப்பதற்காக அதை எடுக்காமலும் இருந்திருக்கலாம். அப்புறம் பார்த்தால் பஃபரில் டேட்டா இல்லை. உடனே ஐ/ஓ எரர், அதாவது படிக்க முடியவில்லை என்ற பிழை. டிஸ்க்கிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லை, ஆனால் பழி டிஸ்க்கின் மேல்.

இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில், ஒரு வாடிக்கையாளரின் சர்வரில் லோடு ஏறும்போது மட்டும் ரீட் எரர் வரும். டிஸ்க்கை மாற்றினார்கள். வந்தது. கேபிளை மாற்றினார்கள். அப்போதும் வந்தது. டிஸ்க் தன் நலனைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் ஒரு செக்டர்கூடக் கெட்டிருக்கவில்லை. அங்கே சர்வரைப் பார்த்துக்கொண்ட பெண்ணை, பேக்கப்பைச் சரியாக எடுக்கத் தெரியவில்லை என்று எல்லார் முன்னாலும் பேசினார்கள். கான்ஃபரன்ஸ் காலில் நானும் இருந்தேன். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. கர்னலின் பதிவுகளை வரிவரியாகப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: டிஸ்க் உண்மையாகவே தோற்றிருந்தால், டிஸ்க்கிடம் கோரிக்கைகளை அனுப்பும் பிளாக் லேயரின் எரர் வரி முதலில் வந்திருக்க வேண்டும். அப்படி ஒரு வரியும் இல்லை. புகார் சொன்னது, இப்படித் தாண்டிப்போகும் ஃபங்ஷனை நம்பியிருந்த அங்கத்திய எங்கள் டிரைவர் மட்டும்.

இதைத்தான் "ஓடிக்கிட்டிருக்கு" என்கிறார்கள். லாக் மோதாத வரைக்கும் ஓடும். மோதும் நாளில் தப்பே செய்யாத ஒருவர் மாட்டுவார்.

"அந்த ஃபங்ஷனுக்குள்ளேயே காத்திருக்கச் செய்தால் போதாதா, நீக்கணுமா?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அங்கே கேட்கப்பட்டவற்றில் மரியாதைக்குரிய கேள்வி அது ஒன்றுதான். பதில் இது: ரீட்அஹெட், அதாவது பின்னால் தேவைப்படலாம் என்று முன்கூட்டிப் படிப்பது, லாக்குக்காகக் காத்திருக்கக் கூடாது. கிடைத்தால் படிக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். இப்போதே டேட்டா வேண்டும் என்பவர் காத்திருந்தே ஆக வேண்டும். ஒரே பெயருக்குள் இந்த இரண்டு தேவைகளையும் அடைத்ததுதான் கோளாறே. அதனால்தான் கர்னலில் பிஎச்_ரீட் (bh_read), பிஎச்_ரீட்அஹெட் (bh_readahead) என்று தனித்தனியாகப் பிரித்தார்கள். முதலாவது காத்திருக்கும், தோற்றால் எரரைத் திருப்பித் தரும்.

"பழைய கர்னலுக்கு பேக்போர்ட் செய்வது, அதாவது இந்த மாற்றத்தைப் பழைய பதிப்புகளுக்கும் கொண்டுபோவது, கஷ்டம்" என்றார்கள். கஷ்டம்தான். செய்வோம்.

"இதை அழைக்கும் மற்ற மாட்யூல்கள் உடையும்" என்றார்கள். உடையட்டும். நிரலைக் கம்பைல் செய்யும்போதே, அதாவது இயக்கும் வடிவத்துக்கு மாற்றும்போதே, உடைந்தால் எழுதியவர் தன் மேஜையிலேயே பார்த்துச் சரிசெய்வார். யூசர் புரோகிராம்களை உடைக்க மாட்டோம் என்பதுதான் கர்னல் தரும் வாக்கு. உள்ளே இருக்கும் ஃபங்ஷன்களுக்கு அப்படி ஒரு வாக்கு எப்போதும் இருந்ததில்லை. அது கர்னல் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது.

"பேட்ச் எண்ணிக்கையைக் கூட்டப் பார்க்கிறார்" என்று ஒருவர் எழுதினார். இதற்கு என்ன பதில் சொல்வது? அழைக்கும் ஒவ்வொரு இடத்தையும் திறந்து, இங்கே காத்திருக்க வேண்டுமா, விட்டுவிடலாமா, எரர் வந்தால் மேலே யார் கையாள்வார்கள் என்று பார்த்துப் பார்த்து மாற்றியிருக்கிறேன். திடீரென நின்றுபோனால் ஃபைல் சிஸ்டத்தை மீட்டெடுக்கும் ஜர்னல் ரெகவரி பகுதிக்கு மட்டும் ஒரு முழு வாரக்கடைசி போனது. புதிதாக ஒன்றைச் சேர்த்தால் கைதட்டுகிறார்கள். கெட்டுப்போன ஒன்றை எடுத்தால் உள்நோக்கம் தேடுகிறார்கள். வலிக்கிறது. இத்தனை வருடம் கூடவே உட்கார்ந்து டீபக் செய்தவர்கள் அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தது அதைவிட வலிக்கிறது.

பேட்ச்சைத் திரும்பப் பெறவில்லை. திங்கட்கிழமை, ஒவ்வோர் இடத்துக்கும் காரணம் எழுதி மறுபடி அனுப்புகிறேன். தடுக்க நினைப்பவர் எந்த வரி தவறு என்று காட்டித் தடுக்கட்டும்.